நின்றால் பாட்டு, ஓடினால் இரைச்சல்

அத்தியாயம் ஏழு

சகாயம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. கதவோரம் நின்றாள்.

"நாளைக்குக் கோர்ட்டுல ஒத்துக்கப் போறாராம்" என்றாள்.

துப்பறிவாளர் பாக்கியநாதன் பேனாவை மூடினார். "யார் சொன்னது?"

"அவரேதான். ஜெயில்ல பாத்துட்டு நேரா இங்க வரேன். வக்கீல் ஐயா சொல்லியிருக்காராம். ஒத்துக்கிட்டா தண்டனை கம்மி. இழுத்தா நிறைய."

"செய்யாததையா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

மாசி மகத்தன்று சாயங்காலம் நடந்தது அது. காளியாயி என்ற பெண் ஜீயபுரம் சாலையில் வாழையிலைக் கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். ஒரு கறுப்புக் கார் அவளை இடித்துவிட்டு நிற்காமல் போனது. பின்னால் வந்த டாக்சி நின்றது. அதன் டிரைவர் பிலோமின்ராஜ், சகாயம்மாளின் கணவன், காளியாயியைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மறுநாள் அவள் இறந்தாள். டாக்சியும் கறுப்பு. மட்கார்டில் பழைய நசுங்கல். பின்சீட்டில் ரத்தம். போலீசுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

"நிக்காமப் போயிருந்தா இந்நேரம் வீட்டுல இருப்பாரு" என்றாள் சகாயம்மாள். "பெரிய பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. கொலைகாரன் மவங்குறாங்களாம். நாளைக்கு அவரே ஆமாம்னு சொல்லிட்டா அப்புறம் நான் யார்கிட்ட இல்லைன்னு சொல்ல முடியும்?"

அவள் படியிறங்கிப் போனாள்.

ஜன்னலோரம் செல்லக்கண்ணு பேப்பரை மடித்தான். பாக்கியநாதனின் உதவியாளன். முன்பு டாக்கீஸ் வாசலில் டிக்கெட் கிழித்தவன். உள்ளே ஓடிய படத்தைவிட அவன் பேச்சு நன்றாக இருக்கும் என்று சிலர் வாசலிலேயே நின்றுவிடுவார்களாம். அதைச் சொன்னவனும் அவன்தான்.

"குளித்தலை, கரூர்னு மேக்கால ஒரு ஒர்க்‌ஷாப் பாக்கியில்லை சார். முன்பக்கம் அடிபட்டு வந்த கறுப்பு வண்டி ஒண்ணே ஒண்ணு. அதுவும் பொணம் ஏத்துற வண்டி."

"விசாரிச்சியா?"

"விசாரிச்சேன். உள்ள இருந்தவரு ஒண்ணும் சொல்லலை."

பாக்கியநாதன் சிரிக்கவில்லை. மேற்கே தேடச் சொன்னவர் பிலோமின்ராஜின் வக்கீல் மணவாளன். இடித்த காரை ரிப்பேருக்கு மேற்கே பார்த்துத்தான் கொண்டுபோயிருப்பார்கள் என்றார். அவர் யாரும் கேட்காமலே இந்த வழக்கை எடுத்தவர். பீஸ் வாங்கவில்லை. சகாயம்மாள் தினமும் ஜெபத்தில் அவர் பெயரையும் சேர்த்துக்கொள்கிறாள்.

"ஸ்ரீரங்கம் போவோம்" என்றார் பாக்கியநாதன். "வக்கீலைப் பாத்து ஒரு வாய்தா வாங்கச் சொல்வோம். பத்து நாள் கிடைச்சாக்கூடப் போதும்."

*

மாடிக்குக் கீழே அப்துல் மாலிக்கின் ரேடியோ கடை. மலைக்கோட்டைக் கடைவீதியின் கூச்சல் முழுவதும் உள்ளே வந்தது. மாலிக் ஒரு செட்டைப் பிரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்ரீரங்கமா? வக்கீல் வீட்டுக்கா?" என்றார். "அப்ப எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்கண்ணே. நீங்க பட்டாளத்துல வயர்லெஸ் பாத்த ஆளு. அவரு வண்டிக்கு ஒரு தடவை காது குடுங்க."

"என்ன ஆச்சு பாய்?"

"தை மாசம் அவரு அம்பாசடர்ல ரேடியோ மாட்டிக் குடுத்தேன். என்ஜின் ஓடுறதே தெரியாது. அவ்வளவு சுத்தமாப் பாடிச்சு. மாசி முடியுறப்ப அவரு வீட்டம்மா ஆள் அனுப்பினாங்க. இரைச்சலாம். வண்டி நின்னா பாட்டு, ஓடினா இரைச்சல். பிளக் ஒயருக்கெல்லாம் சத்தத்தை அடக்குற சப்ரஸர் மாத்தினேன். டைனமோவுக்குப் புதுக் கண்டென்சர் வச்சேன். அல்லா மேல ஆணையா எனக்குப் புரியலை. அந்தம்மா விடாம ஆள் அனுப்புறாங்க. சிலோன் பாட்டு கேக்க முடியலையாம்."

"வக்கீல் என்ன சொல்றாரு?"

"அவரு தங்கமான மனுசன். 'விடுங்கோ பாய், பழகிடும்'னாரு. 'இல்லைன்னா ரேடியோவைக் கழட்டிடுங்கோ'ன்னாரு. அந்தம்மாதான் கூடாதுங்குறாங்க."

"ஏரியலைப் பாத்தீங்களா?"

மாலிக்கின் முகம் சுருங்கியது. "அதை எதுக்குண்ணே பாக்கணும்? நான் கையால மாட்டினது. இடப்பக்கம் மட்கார்டுல ஓட்டை போட்டு, அதைச் சுத்திப் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு, ஈயத்தாளை மடிச்சு அடியில வச்சு முடுக்குவேன். தேயிலைப் பெட்டிக்குள்ள வர்ற ஈயத்தாள். ஏரியலுக்கும் வண்டி உடம்புக்கும் தொடுப்பு கெட்டியா இருக்கும். அந்த எர்த் போச்சுன்னாத்தான் என்ஜின் சத்தம் பாட்டுல ஏறும். என் வேலையில அது போகாது."

"காப்பி குடிக்கிற வீட்டு வண்டியில தேயிலைப் பெட்டி ஈயத்தை வச்சிருக்கீங்க பாய்" என்றான் செல்லக்கண்ணு. "அதான் வண்டி கோவிச்சுக்கிட்டிருக்கு."

மாலிக் ஒரு துண்டுக் கம்பியையும் ஸ்பேனரையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். "என் பேரு கெடுதுண்ணே. சிரிக்காதீங்க."

*

பஸ் காவிரிப் பாலத்தைக் கடந்தது. பங்குனி வெயில். ஆற்றில் மணல்தான் அதிகம் தெரிந்தது.

வக்கீல் வீடு கீழச் சித்திரை வீதியில். கதவைத் திறந்தவள் அவர் மனைவி ரெங்கம்மாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"அவர் கோவிலுக்குப் போயிருக்கார். சேவிச்சுட்டு வந்துடுவார். உக்காருங்கோ."

கூடத்தில் ஒரு பெரிய ரேடியோ இருந்தது. அதன் மேல் துணி உறை. உறையின் மேல் பழத்தட்டு. செல்லக்கண்ணு அதைப் பார்த்தான். பாக்கியநாதனைப் பார்த்தான்.

"மாலிக் பாய் கடைக்கு மேலதான் நான் இருக்கேன்" என்றார் பாக்கியநாதன். "கார் ரேடியோவைப் பாக்கச் சொன்னாரு."

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பட்டாளத்துல அதுதான் வேலைம்மா."

"பிலோமின்ராஜ் கேஸுல துப்புப் பாக்கறவரும் நீங்கள்தானே?"

"ஆமாம்."

அவள் கையை நீட்டினாள். கார் சாவி அவள் கையிலேயே இருந்தது.

வீட்டின் பின்பக்கம் கார் ஷெட். ரெங்கம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"எந்தப் பாட்டும்மா கேப்பீங்க?" என்றான் செல்லக்கண்ணு. "வச்சுப் பாத்துடலாம்."

"அதான். சிலோன்ல வருமே. பாட்டு."

"எல்லாமே பாட்டுதான் வருது. உங்களுக்கு எது பிடிக்கும்?"

அவள் காரின் பக்கம் பார்த்தாள்.

பாக்கியநாதன் முன்சீட்டில் உட்கார்ந்து ரேடியோவைத் திருப்பினார். யாரோ வீணை வாசித்தார்கள். சுத்தமாக இருந்தது. என்ஜினைப் போட்டார். வீணைக்கு மேல் மிளகாய் தாளிப்பதுபோல் ஒரு சடசடப்பு ஏறியது. ஆக்சிலேட்டரை மிதித்தார். சடசடப்பும் வேகமானது. காலை எடுத்தார். அதுவும் தணிந்தது.

"வண்டிக்குப் பல்லு கிட்டுது சார்" என்றான் செல்லக்கண்ணு.

பாக்கியநாதன் குனிந்து ரேடியோவின் பின்னாலிருந்து ஏரியல் ஒயரைப் பிடுங்கினார். வீணை போயிற்று. சடசடப்பும் போயிற்று.

"இரைச்சல் பாட்டரி ஒயர் வழியா வரலை" என்றார். "அப்படி வந்திருந்தா இன்னும் கேக்கணும். ஏரியல் வழியா வருது. பாய் திருடனைக் கொல்லைப்பக்கம் தேடியிருக்காரு. அவன் வாசல் வழியா வந்துக்கிட்டிருந்திருக்கான்."

ஒயரை மறுபடி செருகினார். இறங்கி முன்னால் வந்தார். மாலிக்கின் கம்பியின் ஒரு முனையை ஏரியலின் அடிப்பாகத்தில் வைத்தார். மறு முனையை என்ஜினுக்குப் பக்கத்தில் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டில் அழுத்தினார்.

சடசடப்பு நின்றது. ஷெட்டில் வீணை மட்டும் இருந்தது.

கம்பியை எடுத்தார். சடசடப்பு வந்தது. வைத்தார். நின்றது.

ரெங்கம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அவ்வளவுதானா சார்?" என்றான் செல்லக்கண்ணு. "எர்த் இல்லை. பாய்கிட்ட சொன்னா அழுதுடுவாரு."

"என்ஜினை நிறுத்து."

பாக்கியநாதன் ஸ்பேனரை எடுத்து ஏரியலின் மரையைத் திருகினார். ஏரியல் கையோடு வந்தது. அதைப் பழைய காகிதத்தின் மேல் கிடத்தினார். அது இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்வதற்கு நேரமாயிற்று.

"நீ பாரு."

செல்லக்கண்ணு பார்த்தான். ஓட்டையைச் சுற்றி வழவழப்பான கறுப்புப் பெயிண்ட். கீறல் இல்லை. சுரண்டின இரும்பு இல்லை. ஈயத்தாள் இல்லை.

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தான். "சுரண்டிப் பாத்துடவா?"

"தொடாதே." பாக்கியநாதனின் குரல் தாழ்ந்திருந்தது. "பாய் இந்த இடத்தைச் சுரண்டி இரும்பைக் காட்டியிருந்தாரு. இப்ப இரும்பு மேல பெயிண்ட் இருக்கு. ஏரியல் மேல இருக்கறப்ப யாரும் அதுக்கு அடியில பெயிண்ட் அடிக்க முடியாது."

"கழட்டிட்டு அடிச்சிருக்காங்க."

"ஏரியலுக்கு அடியில மட்டும் யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டாங்க. மட்கார்டு முழுசுக்கும் அடிச்சிருக்காங்க."

அவர் மட்கார்டின் உட்புறத்துக்குக் கைவிட்டுத் தடவினார். இரும்பில் சிறு சிறு பள்ளங்கள். சுத்தியல் பட்ட இடங்கள். வலப்பக்க மட்கார்டின் உள்ளே தடவினார். வழவழவென்று இருந்தது.

"நல்ல பெயிண்டரு சார்" என்றான் செல்லக்கண்ணு மெதுவாக. "சோம்பேறியா இருந்திருந்தா ஏரியலைக் கழட்டாம ஓரத்துல பூசிவிட்டுப் போயிருப்பான். சத்தமே வந்திருக்காது."

பாக்கியநாதன் துணியில் கையைத் துடைத்தார். சாலையில் இடது ஓரமாகப் போகிறவளை வண்டியின் இடது பக்கம்தான் இடிக்கும்.

"ஏம்மா, இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?"

"மாசி மகத்துக்கு அப்புறம்" என்றாள் ரெங்கம்மாள். "லால்குடியில எங்களுக்கு நிலம் இருக்கு. மகத்துக்கு மறுநாள் விடியறதுக்கு முன்னாடி வண்டியை அங்க எடுத்துண்டு போனார். வரச்சே ரயில்ல வந்தார். வண்டி அப்புறம் வந்தது. சத்தத்தோட வந்தது."

லால்குடி. மேற்கே ஒரு ஒர்க்‌ஷாப் பாக்கியில்லை. வடக்கே யாரும் பார்க்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

*

வக்கீல் மணவாளன் நெற்றியில் புதிதாகத் திருமண் இட்டிருந்தார். கையில் கோவில் துளசி. பாக்கியநாதனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ நாதன். ரேடியோ ரிப்பேரும் உண்டா?"

"வாய்தா கேக்கச் சொல்ல வந்தேன் ஐயா."

"எதுக்கு? சாட்சி எல்லாம் அவனுக்கு எதிரா இருக்கு. ஒத்துண்டா சீக்கிரம் வெளியில வந்துடுவான். அதுவரைக்கும் அந்தக் குடும்பத்தை நான் பாத்துப்பேன். அந்தப் பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." ரெங்கம்மாளிடம் துளசியை நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கையை மடக்கிக்கொண்டார். "சத்தம் நின்னுடுத்தா?"

"காரணம் தெரிஞ்சுடுச்சு. இந்த மட்கார்டுக்கு எப்ப ஐயா பெயிண்ட் அடிச்சீங்க?"

"அடிக்கலையே. கம்பெனியில வந்த பெயிண்ட்."

சொன்ன பிறகுதான் காகிதத்தின் மேல் கிடந்த ஏரியலைப் பார்த்தார்.

"தை மாசம் இங்க சுரண்டின இரும்பு இருந்தது" என்றார் பாக்கியநாதன். "மேல ஈயத்தாள் இருந்தது. இப்ப ரெண்டும் இல்லை. கம்பெனி பெயிண்ட் இருக்கு."

மணவாளன் யோசித்தார். வீட்டுக்காரராக இல்லை, வக்கீலாக யோசித்தார். அது முகத்தில் தெரிந்தது.

"சரி. ஒரு பாய் ஈயத்தாள் வச்சேங்கறார். இப்ப அது இல்லை. இல்லாத வஸ்துவைக் கோர்ட்டுல எப்படி சான்றுப் பொருளா, எக்ஸிபிட்டா மார்க் பண்ணுவேள்? பெயிண்ட் அடிக்கறது குத்தமா? மாடு முட்டித்து, நசுங்கித்து, அடிச்சேன், மறந்துட்டேன். இப்படி நான் சொன்னா நீங்கள் என்ன சொல்வேள்?"

பாக்கியநாதன் காகிதத்தின் மேல் கிடந்த ஏரியலைப் பார்த்தார். நாளைக் காலையில் பிலோமின்ராஜ் கூண்டில் ஏறி ஆமாம் என்பான். அதற்குப் பிறகு ஒரு ஈயத்தாளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்.

"மாடு முட்டலை" என்றாள் ரெங்கம்மாள்.

"ரெங்கம், உள்ள போ."

"மாடு முட்டலை."

மணவாளன் அவளைப் பார்க்காமல் பாக்கியநாதனிடம் பேசினார். "ஆம்படையான் பொண்டாட்டிகிட்ட சொன்னதைக் கோர்ட்டுல அவ சொல்ல முடியாது. அது சட்டம்."

"தெரியும்" என்றாள் ரெங்கம்மாள். "நீங்கள்தான் ஒரு தரம் யாரோ கட்சிக்காராளுக்குச் சொல்லிண்டிருந்தேள். ஆனா நீங்கள் எங்கிட்ட எதுவுமே சொல்லலையே."

அவர் திரும்பினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தேள்னா நான் வாயைத் திறக்க முடியாது. தினம் ராத்திரி காத்துண்டிருந்தேன். சொல்லலை. சாதம் போடச் சொன்னேள், கோவிலுக்குப் போனேள், கோர்ட்டுக்குப் போனேள். அதனால நீங்கள் சொன்னதுன்னு எங்கிட்ட ஒண்ணும் இல்லை. நான் பாத்ததுதான் இருக்கு."

அவள் ஷெட்டுக்குள் வந்தாள். மட்கார்டுக்கும் பம்பருக்கும் நடுவில் இருந்த இடத்தைக் காட்டினாள். தொடவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலம் வண்டி வந்தது. விளக்கு உடைஞ்சிருந்தது. இங்க நசுங்கியிருந்தது. இந்தச் சந்துல ஒரு வாழையிலைக் கிழிசல் மாட்டிண்டிருந்தது. நான்தான் பிடிச்சு இழுத்துக் குப்பையில போட்டேன். இலைன்னு நெனச்சேன். மறுநாள் பேப்பர்ல பாத்தேன், அவ இலைக்கட்டு எடுத்துண்டு போனான்னு."

செல்லக்கண்ணு தரையைப் பார்த்தான்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் பாக்கியநாதன்.

"யார்கிட்ட? போலீஸ் வந்தா இவர்தான் பேசுவார். அந்தப் பொண்ணு அழுதுண்டு வந்தா இவர்தான் பேசுவார். கோர்ட்டுலயும் இவர்தான் பேசுவார். இந்தச் சத்தம் ஒண்ணுதான் இவர் பேச்சைக் கேக்கலை. ஏன் வரதுன்னு கேட்டேன். பதில் வரலை. சரி, இதையாவது பிடிச்சுக்கலாம்னு ஆள் அனுப்பிண்டே இருந்தேன். யாராவது ஒருத்தர் வந்து சரியாப் பாப்பான்னு."

"சிலோன் பாட்டு?" என்றான் செல்லக்கண்ணு.

"நான் ரேடியோவே கேக்கறதில்லை."

மணவாளன் காரின் கதவில் சாய்ந்தார். துளசி அவர் விரல்களுக்கு நடுவில் கசங்கியிருந்தது.

"முகம் தெரியலை" என்றார். "பெரிய கட்டு. கட்டுதான் தெரிஞ்சது. கால் பிரேக்குக்குப் போச்சு. கண்ணாடியில பாத்தேன். பின்னாடி ஒரு வண்டி வந்துண்டிருந்தது. அவன் பாத்துப்பான்னு நெனச்சேன்."

"பாத்துக்கிட்டான் ஐயா" என்றார் பாக்கியநாதன்.

*

பாக்கியநாதன் ஏரியலைப் பழைய இடத்திலேயே வைத்து முடுக்கினார். பெயிண்டில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"கம்பியைக் கட்டிடட்டுமா சார்?" என்றான் செல்லக்கண்ணு. "போற வரைக்குமாவது சத்தம் இல்லாமப் போகலாம்."

"வேண்டாம். இருந்தபடியே இருக்கட்டும்."

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பாக்கியநாதன்தான் ஓட்டினார். ரெங்கம்மாள் ஷெட் வாசலில் கொஞ்சம் தயங்கினாள். பிறகு முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மகத்துக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பின்சீட்டில் செல்லக்கண்ணுவும் மணவாளனும்.

ரேடியோவை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. வீணை முடிந்து செய்தி வந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. அம்மாமண்டபம் தாண்டியதும் சாலை காலியானது. வண்டி வேகமெடுத்தது. இரைச்சலும் கூடவே ஏறியது.

பின்னாலிருந்து மணவாளன் சொன்னார். "அதைக் கொஞ்சம் நிறுத்துங்கோ."

செல்லக்கண்ணு முன்னால் குனிந்து கையை நீட்டினான். ரெங்கம்மாள் அந்தக் கையைத் தடுத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். "இல்லாத வஸ்துவை மார்க் பண்ண முடியாதுன்னாரே. இந்தச் சத்தம் இருக்கே."

செல்லக்கண்ணு கையை இழுத்துக்கொண்டான்.

பாலத்தின் மேல் பாக்கியநாதன் வேகத்தைக் குறைக்கவில்லை.